கம்பத்தில் ஒரு இடம்

பதினான்கு மாதம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை.
எங்கள் தோராஜா மலையில் அப்படித்தான் சொல்வோம்.
மூச்சு நின்றது போன வருஷம் பிப்ரவரியில்.
ஆனாலும் தெற்கு அறையில் படுத்திருந்தார்.
காலையில் காபி வைத்தோம்.
கிராம்பு சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துச்
சாம்பல் கிண்ணத்தில் சாய்த்தோம்.
முதல் எருமை சாயும்போதுதான் அவர் இறந்தவர்.
அதுவரை நோயாளி.

கூடத்தில் சித்தப்பா பலிம்போங் நோட்டைப் பிரித்தார்.
யார் வீட்டு இழவுக்கு அப்பா எதை ஓட்டிப்போனார்,
யார் அதைத் திருப்பவேண்டும்,
கொம்பு முழங்கை மட்டுமா, தோள் வரைக்குமா,
எல்லாம் நீல மையில்.
ஒன்பது வந்து சேரும்.
காலிமந்தான் சுரங்கத்தில் லாரி ஓட்டும்
மூத்தவன் நான், எனக்கு இரண்டு.
தங்கை தமாரிஸுக்கு ஒன்று.
யார் எத்தனை வெட்டுகிறாரோ அவருக்கு அத்தனை வயல்.
கணக்கு சுலபம்.

தமாரிஸின் ஒன்று, புலான்.
நெற்றியில் பிறைபோல வெள்ளை;
பேர் வைத்தது அப்பா.
கிளினிக் வேலை முடிந்து வந்து
அவள் தினமும் குளத்தில் இறங்கித் தேய்ப்பாள்,
காதுக்குள் உண்ணி பொறுக்குவாள்.
அது கண்ணை மூடிக்கொண்டு
தலையை முழுசாக அவள் மடியில் போட்டுவிடும்,
அந்தத் தலையின் கனம் தெரியாமல்.

"வயல் வேண்டாம். புலான் இருக்கட்டும்."
குழம்பில் உப்பு போதும் என்பதுபோலச் சொன்னாள்.

"அப்பா எதில் ஏறிப் பூயாவுக்குப் போவார்?"
"பதினொன்று இருக்கே.
எல்லாவற்றிலுமா ஏறுவார்?"
யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்தினார்கள்.

நான் விடவில்லை.
எத்தனை இழவில் எத்தனை இறைச்சி தின்றிருக்கிறாய்,
பதினொன்றுக்கு அழாதவள்
ஒன்றுக்கு அழுவது நியாயமா என்றேன்.
"நியாயம் இல்லை," என்றாள்.
"அழுகை வருது."

பன்னிரண்டு என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.
சொன்ன எண் குறைந்தால் அப்பாவுக்கு அவமானம்,
அதாவது எனக்கு.

அன்று மழை பெய்து விட்டிருந்தது.
சேறு சிவப்பாக இருந்தது, முதலில் மண்ணால்.
எட்டு முடிந்தது. ஒன்பது.
பத்தாவது, விழுந்த பிறகும் எழப் பார்த்தது.
கூட்டம் கை தட்டியது.
நானும் தட்டினேனோ என்னவோ, நினைவில்லை.
பதினொன்று.

புலானின் மூக்குக் கயிறு என் கையில்.
கூட்டத்தில் தமாரிஸ் இல்லை,
அரிசிக் களஞ்சியத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.
அது ரத்தத்தை முகர்ந்து முன்னங்காலை ஊன்றி நின்றது.
பிறகு என்ன தோன்றியதோ,
என் மணிக்கட்டின் வியர்வையை நக்கியது.
சொரசொரப்பான நாக்கு,
உப்புக்குத்தான், வேறெதற்கும் இல்லை
என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

மைக் பிடித்தவனிடம் போனேன்.
"பன்னிரண்டாவது, உயிரோடு, தேவாலயத்துக்கு."
அதற்கும் எங்களிடம் வழக்கம் உண்டு,
யாரும் குறை சொல்ல முடியாது.
சித்தப்பா நோட்டில் ஏதோ எழுதினார்,
அடித்தார், மறுபடி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏலம்.
மகாலே சந்தையிலிருந்து ஒரு வியாபாரி
விலையை ஏற்றிக்கொண்டே போனான்.
தமாரிஸ் இரண்டு வளையலைக் கழற்றினாள்,
மூன்று வருஷச் சேமிப்பைச் சொன்னாள்,
அப்புறம் வாய்க்கு எண் கிடைக்காமல் நின்றாள்.
பின்வரிசையிலிருந்து ஒருவர் மீதியைச் சொன்னார்.
சித்தப்பா.
"கடன்," என்றார், யாரையும் பார்க்காமல்.
"நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்."

வீட்டு முன்கம்பத்தில்
கொம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினோம்.
பதினொரு ஜோடி.
மேலே ஒரு முழம் விட்டுவைத்தேன்.
ஏன் காலி என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.
ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொல்கிறேன்.

வயல் இப்போது என் பேரில்.
அறுத்த தாளில் நிற்கிற எருமை அவள் பேரில்.
மேய்ச்சல் கூலி கேட்கவேண்டும்,
ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும்
மறந்துவிடுகிறேன்.